நம் பள்ளத்தாக்கின் மேடைகள்



"சாமி, கோயில் வரலாற்றைப் பழைய மலர்களிலேயே எழுதியாயிற்று. இம்முறை நம் பக்கத்துக் கலைஞர்களைப் பற்றி எழுதுங்கள்" என்று விழா மலர்க் குழுவினர் கேட்டனர். நான் இசை கற்றவனல்லன். குருமடத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டதோடு சரி. ஆயினும் இம்மண்ணின் பிள்ளை என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் சபா என்று ஒன்று இருந்ததில்லை. அறுப்பு முடிந்த களமும், ஊர்ச் சாவடி முற்றமுமே அரங்குகள். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவிலும் மற்ற ஊர்க் கொடைகளிலும் விடிய விடிய நாடகம் நடக்கும். நம் பங்குகளில் தவக்காலம் வந்தால் பாஸ்கா. தென்னங்கீற்றுப் பந்தலும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் போதும், மேடை ஆயத்தம்.

இந்த மேடைகளில் எழுந்தவர்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். பொதுவுடைமைக் கட்சிப் பாடகர். ஆர்மோனியப் பெட்டியுடன் ஊர் ஊராகச் சென்று, மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளில் கூலியையும் பசியையும் பற்றிப் பாடினார். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்தது; ஆனால் அங்குத் தேயிலை கிள்ளியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 1958இல் அத்தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்ட இடைத்தேர்தலில் பாவலர் பாடச் சென்றார். உடன் சென்று பாடிய தம்பிக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். ரோசம்மா வென்றார். ஞானதேசிகன் என்று பெயரிடப்பட்டு, ராசையா என்று அழைக்கப்பட்ட அத்தம்பியே பின்னாளில் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் மேனாட்டு இசையின் இலக்கணத்தைக் கற்பித்தார். அதற்கு முந்திய பள்ளிக்கூடம் அண்ணனின் மேடைதான். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது நாடு வியந்தது. நாற்று நடும் நம் தாய்மார்களுக்கோ அது வீட்டுக் குரலாகவே கேட்டிருக்கும்.

அந்நாளில் சுகாதார ஆய்வாளராகப் பண்ணைப்புரம் பக்கம் வந்த அல்லிநகரத்து இளைஞர் சின்னசாமி, இச்சகோதரர்களோடு நட்புக் கொண்டார். நாடகம் எழுதித் திருவிழாக்களில் போட்டார். அவரே பாரதிராஜா. 1977இல் '16 வயதினிலே' வெளியானது. படம் பிடித்ததென்னவோ மைசூர்ப் பக்கம்! பேச்சும் நடையும் மட்டும் நம்முடையவை.

சேடப்பட்டியில் பிறந்த நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் 1962இல் தேனியிலிருந்து சட்டமன்றம் சென்றதையும் பெரியவர்கள் நினைவுகூர்வர்.

வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. நீர் தேங்கிய இடத்தில் ஊர்கள் இருந்தன. அவ்வாறு மேட்டூர் என்னும் சிற்றூரை விட்டு வடுகபட்டிக்குப் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை வைரமுத்து. அந்த இழப்பைக் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆக்கினார். 2003இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அணைநீரில் பயிர் விளைவித்தவர்கள் ஒருமுறையேனும் அந்நூலைப் படிக்க வேண்டும்.

2018இல் லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறும் கூலிக்காரரே கதைத்தலைவர். நம் ஊர் மக்கள் பலரே நடித்தனர். 2023 முதல் போடியிலிருந்து சென்னைக்கு ரயிலும் ஓடுகிறது. ஆனால் புறப்படுமுன் ஒத்திகை பார்க்க ஓர் இடம் வேண்டுமே!

இங்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, வேறொரு பங்கில், சில இளைஞர்கள் நாடக ஒத்திகைக்கு மன்றத்தைக் கேட்டனர். அவர்கள் கையில் பறை இருந்தது. "சாவுக் கொட்டைக் கோயில் வளாகத்திற்குள் அடிப்பதா?" என்று பெரியவர் சிலர் முகம் சுளித்தனர். நானும், "பிறகு பார்க்கலாம், தம்பிகளே" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. பேருந்து நிறுத்தத்துப் புளியமரத்தடியில் சில மாதம் பழகினர். பின் ஆளுக்கொரு திசையாகத் திருப்பூருக்கும் கேரளத்திற்கும் வேலைக்குப் போய்விட்டனர்.

அவர்களுள் ஒருவர் இன்று நம் பங்கில் குடியிருக்கிறார். தலை நரைத்துவிட்டது. சென்ற ஆண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். மன்றத்துச் சாவியைக் கையில் கொடுத்தேன். சனிதோறும் மாலையில் நம் சிறுவர் சிறுமியர் பதினொருவர் அவரிடம் பறை பழகுகின்றனர். தேர்ப்பவனி முடிந்த இரவு, மன்ற முற்றத்தில் அவர்களின் ஆட்டம். நாற்காலிகள் குறைவு, பாய் கொண்டு வாருங்கள்.