கணக்கில் வராத தள்ளாட்டம்

1904இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், தசைவலிக்கு நார்த்திசு அழற்சியே காரணமெனக் கருதி 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயரிட்டார். அழற்சிக்குச் சான்று கிட்டாத நிலையில், 1976இல் ஃபிலிப் ஹெஞ்ச் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்ற பெயரை முன்வைத்தார்.

1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி வகுத்த அளவுகோல், பரவலான வலியுடன், உடலின் 18 புள்ளிகளில் குறைந்தது 11 அழுத்தும்போது வலிக்க வேண்டும் என்றது. கைதவறிய குவளைக்கும் நிலைப்படியில் தடுமாறிய காலுக்கும் அதில் இடமில்லை. 1991இல் வெளிவந்த நோய்த்தாக்க வினாநிரலும் சமநிலை பற்றி வினவவில்லை.

2009இல் ராபர்ட் பென்னட் குழுவினர் அவ்வினாநிரலைத் திருத்தியபோதே, நினைவாற்றலோடு சமநிலைக் குறைவும் சேர்ந்தது. கவனக்குறைவு என ஒதுக்கப்படக்கூடிய ஒன்று, 0 முதல் 10 வரை மதிப்பிடத்தக்க அறிகுறியாயிற்று.

வினாநிரலில் இடம்பெறாத துன்பம் மருத்துவக் குறிப்பில் அரிதாகவே பதிவாகிறது. குறிப்பில் இல்லாதது வரலாற்றாய்வாளர் கைக்கும் எளிதில் எட்டுவதில்லை.