கீறாமல் அறிதல்: சப்பிரகமுவத் தோட்டங்களும் வாய்ப்புற்றும்

புற்றுநோயை உடலைக் கீறாது கண்டறிய முயன்ற வரலாற்றில் தொழிலாளருக்குத் தனியிடம் உண்டு. 1895இல் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லூட்விக் றேன், சாயத் தொழிற்சாலையில் உழைத்தோரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை எடுத்துரைத்தார். அவற்றைக் காண உடலினுள் குழாய் செலுத்த வேண்டியிருந்தது. 1945இல் பாப்பனிக்கொலாவும் மார்ஷலும், சிறுநீரோடு உதிர்ந்து வரும் கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கிப் புற்றை இனங்காணும் முறையை விளக்கினர். வீரியம் குறைந்த கட்டிகள் பல இச்சோதனைக்குத் தப்பிவிடும். ஆயினும் பிரித்தானியச் சாயத் தொழிலாளரிடையே அது பின்னர் ஒழுங்காக நடத்தப்பட்டது. சோதனை தொழிலாளியைத் தேடிச் சென்றது என்பதே இங்கு கருதத்தக்கது.

சப்பிரகமுவவில் இக்கேள்வி வாயைப் பற்றியதாகும். கோப்பி அழிந்தபின் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் பரவின. தமிழகத்திலிருந்து வந்தோரின் மடியில் வெற்றிலையும் வந்தது. ஊரிலே அது மங்கலப் பொருள், விருந்தினருக்கு நீட்டும் மரியாதை. தோட்டத்திலோ மழையிலும் குளிரிலும் பசியை அடக்கி வேலையைத் தொடரச் செய்யும் துணையாயிற்று. புகையிலையும் அதனோடு சேர்ந்தது. கொட்டைப்பாக்கு தனித்தே புற்றை விளைவிப்பது என 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெளியிட்ட நூல் நிறுவியது.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டங்களில் வைத்திய ஏற்பாட்டுக்கு வழிசெய்தது. ஆனால் காய்ச்சலும் கழிச்சலும் பெரட்டில் ஆளைக் குறைத்தன. ஆகவே துரைமாரின் கண்ணில் பட்டன. கன்னத்தின் உட்புறம் நோவற்ற வெண்படலம் படர்ந்தவரோ நாள்தோறும் பெரட்டுக்கு வந்துகொண்டேயிருந்தார். அவரை நோயாளி என எவர் எண்ணுவார்?

இந்நிலையில் 1984இல் வெளியான இலங்கை ஆய்வொன்று முக்கியமானது. பயிற்றப்பட்ட ஆரம்ப சுகாதாரப் பணியாளர் 34 பேர், ஓராண்டுக் காலத்தில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயை வெறுங்கண்ணாற் சோதித்து 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். 2010இல் வெளிவந்த சப்பிரகமுவ மாகாண ஆய்வு, 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரை நோக்கியது. புற்றாக மாறக்கூடிய வாய்க்குறைபாடுகள் 11.3 வீதமாயின. வயது, பொருளாதார நிலை, வெற்றிலை, மது ஆகியவற்றை வினவியே ஆபத்துடையோரைப் பிரித்தறியலாம் என்றும் அது காட்டிற்று. வாயைத் திறக்கவும் வேண்டியதில்லை! கண்ணாற் சோதித்தலின் பயனையும் ஐயுறுவதற்கில்லை: திருவனந்தபுரத்தில் நடந்த பெரும் ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்ததாக 2005இல் அறிவிக்கப்பட்டது.

இடர் அடுத்த படியிலேயே உள்ளது. 1984ஆம் ஆண்டு ஆய்வில் அனுப்பப்பட்டோருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே மேற்பரிசோதனைக்குச் சென்றனர். நாட்சம்பளத் தோட்டத் தொழிலாளிக்கு இப்படி இன்னும் செங்குத்தானது. வாயில் நோவில்லை, கேகாலைக்கோ இரத்தினபுரிக்கோ பஸ் ஏறும் நாளில் பேர் விழாது.