பந்தியில் அமர்ந்தவர்களின் பெயர்கள்



விருந்து முடிந்தவுடன் குப்பையில் சேரும் தாள்களுள் உணவுப்பட்டியலும் ஒன்று. ஆயினும், போர்க்காலத்தில் அமெரிக்கப் படைப்பிரிவுகள் அச்சிட்ட விருந்துப் பட்டியல்களைப் பலர் இன்று தேடிச் சேகரித்துப் பேணி வருகின்றனர். ஏன் என்று எண்ணிப் பாருங்கள்.

1863-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமையை நன்றியறிதல் நாளாக அறிவித்தார். பின்னாளில் அந்நாளும் கிறிஸ்துமஸும் படைமுகாம்களின் பெருவிருந்து நாள்களாயின. வாட்டிய வான்கோழி, கிரான்பெர்ரி சாஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்பு என்று பட்டியல் நீளும். கடைசி வரியில் சுருட்டும் சிகரெட்டும் இடம்பெறுவதுண்டு.

உணவின் பெயர்களோடு, பிரிவிலிருந்த ஆட்களின் பெயர்களும் பல பட்டியல்களில் அச்சாயின. தளபதியும் சமையற்காரரும் கடைநிலைச் சிப்பாயும் ஒரே தாளில் இருப்பர்.

1941-இல் அரசு அறிவித்த நன்றியறிதல் நாள் நவம்பர் 20. அதற்குப் பதினேழு நாள் கழித்து, டிசம்பர் 7 அன்று, பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். அந்த நவம்பர் விருந்தின் பட்டியலை இன்று வாசிப்பவர், அதை உண்டவர்கள் அறியாதிருந்ததை அறிந்தவராய் வாசிக்கிறார்.

வேறொரு காரணமும் உண்டு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் படையினர் ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றியது. சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இல்லாமற்போயிற்று. தம் பாட்டனார் எந்தக் கம்பெனியில் பணியாற்றினார் என்று தேடும் குடும்பத்திற்கு, மெஸ்ஸில் கொடுத்த ஒரு மெனு அட்டையே சாட்சியாக நிற்கக்கூடும். அது அரசுப் பதிவேட்டுக்கு ஈடாகாது. எனினும் அப்பிரிவில் அவர் பெயர் இருந்ததைக் காட்டும்.

இதே தாள்கள் கசப்பான உண்மையொன்றையும் சொல்லுகின்றன. 1948 ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பிக்கும்வரை, கறுப்பின வீரர்கள் பெரும்பாலும் தனிப் பிரிவுகளிலேயே வைக்கப்பட்டிருந்தனர். நன்றியறிதல் நாள் ஒன்றே. பந்தி மட்டும் வேறு. பந்தி வேற்றுமை இன்னதென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, அன்பானவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பெயர்கள் அடங்கிய பழைய விருந்துத் தாள் ஏதேனும் இருப்பின், அற்பமென்று எறியாதிருங்கள். பெயர்ப் பக்கத்தைத் தனியே கிழிக்கவோ, பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடவோ வேண்டாம். அது யாரிடமிருந்து வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்தப் பெயர்களுள் ஒன்றை என்றாவது ஒரு பேரப்பிள்ளை தேடி வரலாம்.