பனிக்கால ரயருக்கு ஏன் சிறிய சில்லு?

2021 பெப்ரவரி 11 காலை. பிளானோவுக்குத் தென்மேற்கே உள்ள போர்ட்வேர்த்தில், உறைமழையில் வழுக்கிய நெடுஞ்சாலையில் 130க்கும் மேற்பட்ட வாகனங்கள் மோதி ஆறு பேர் உயிரிழந்தனர். "ரெக்சாசில் பனி ஏது?" என்றிருந்த நாங்கள் அன்றுதான் எமது ரயர்களைக் குனிந்து பார்த்தோம்.

சாதாரண ரயரின் இறப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனிக்கால ரயர் இளக்கமாகவே இருக்கும். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த குறியே அதன் அடையாளம்.

சில்லு சிறுத்தால் ரயரின் பக்கச்சுவர் உயரும். பள்ளங்களைத் தாங்கும், பெரும்பாலும் விலையும் குறையும். ஆனால் வெளிவிட்டம் மாறக்கூடாது. ஹொண்டா சிஆர்-வியில் 235/55 ஆர்19 ரயரின் விட்டம் 741 மி.மீ.; 235/65 ஆர்17 ரயரின் விட்டம் 737 மி.மீ. வேகமானி பெரிதாகப் பிழைக்காது. சில்லு வாங்குமுன் நட்டுகளின் எண்ணிக்கை, அவற்றின் வட்ட அளவு, நடுத்துளை, ஒவ்செற், பிரேக்குக்கான இடைவெளி, காற்றழுத்த உணரி ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

பிளானோவுக்குள் மட்டும் ஓடுபவர்களுக்கு இச்செலவு வேண்டாம். உறைமழை நாளில் வீட்டில் இருப்பதே காவல். நத்தாருக்கு ரொறன்ரோ, மொன்றியல் உறவுகளிடம் தரைவழியே பிள்ளைகளோடு போகிறவர்களுக்கே இது அவசியம். திரும்பியதும் கழற்றிவிடுங்கள், ரெக்சாஸ் வெயிலில் அந்த இறப்பர் விரைவில் தேய்ந்துவிடும்.