ஆவுரஞ்சிக் கல்லும் யாழ்ப்பாணத்து மாடு வளர்ப்பும்

யாழ்ப்பாணக் குடாநாடு வற்றாத ஆறில்லாத நாடு. சுண்ணக்கற் பாறையின்மீது படிந்த மண்ணிலே, கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்த கமக்காரனுக்கு மாடு பாலுக்கும் உழவுக்கும் மட்டுமன்றி எருவுக்கும் இன்றியமையாததாயிற்று. பயிரில்லாத காலத்திலே தோட்டத் தரையில் இரவில் மாடுகளைப் பட்டி அடைத்து நிலத்துக்கு உரமூட்டினர். மேய்ச்சல் தரை அருகியபோது பனையோலையைக் கிழித்துத் தீனியாக இட்டனர். தைப்பொங்கலின் மறுநாள் பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, மாலை சூட்டிப் பொங்கல் ஊட்டினர்.

இவை யாவும் தன் மாட்டுக்குச் செய்தவை. பிறர் மாட்டுக்கும் செய்த அறம் ஒன்று உண்டு. தெருவோரத்து மடம், கேணி, சுமைதாங்கி ஆகியவற்றை அடுத்து ஆவுரஞ்சிக் கல் நாட்டப்பட்டது. தினவெடுத்த மாடு தன் உடலை உரஞ்சிக்கொள்வதற்கான கல் அது. வண்டியிழுத்து வந்த எருது கேணியருகே நீர் அருந்தி, அக்கல்லிலே உரஞ்சி இளைப்பாறியது. முப்பத்திரண்டு அறங்களுள் ‘ஆவுரிஞ்சு தறி’ எண்ணப்படுதலின், இவ்வழக்கம் தமிழர்க்குப் பொதுவானதே. ஆயின் எருவையே நம்பி வாழ்ந்த மண்ணில் அது தனிப்பொருள் பெறுகின்றது. மாட்டினாற் பெற்ற பயனுக்குச் சமூகம் செலுத்திய கைம்மாறு அது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் வாகனமும் உழவு இயந்திரமும் இரசாயன உரமும் பரவ, மாட்டின் பணி சுருங்கியது. கல்லின் பயனும் மறைந்தது. வீதியை அகலிப்போர் அதனை வெறுங்கல்லெனக் கருதிப் பெயர்த்தெறிதல் எளிது. எழுத்துப் பொறிக்கப்படாத அறச்சாசனம் ஒன்று அதனோடு அழிந்துபோம் என்பதை அவர்க்கு உணர்த்துதல் வரலாறு கற்போரின் கடனாகும்.