கீரையைக் காலி செய்யும் வெட்டுக்கிளி: கடைக்குப் போய் பூச்சி மருந்து வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ரெண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து மாடித்தோட்டத்தை எட்டிப் பார்த்தால், தளதளவென இருந்த தண்டுக்கீரையில் காம்பு மட்டும்தான் மிச்சம். கத்தரி இலையில் ஓரமெல்லாம் கடித்துக் குதறிய ஓட்டை. தொட்டியின் விளிம்பில் பச்சையாக ஒரு வெட்டுக்கிளி. கையை நீட்டினால் ஒரே தாவு, அடுத்த தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மழைக்காலம் தொடங்கியதும் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் பலரும் சந்திக்கும் காட்சி இது. கோபத்தில் நேராக உரக்கடைக்குப் போய் "வெட்டுக்கிளிக்கு ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அது வயலுக்கான மருந்து. நாலு நாளில் பறித்து, குழந்தைக்குக் கடைந்து கொடுக்கப்போகும் கீரையில் அதை அடிக்கலாமா? அடிக்காமலே சமாளிக்க வழி இருக்கிறதா?

இது அந்த 'பாலைவன வெட்டுக்கிளி'யா?

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். 2020 மே மாதம் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா என வட மாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்தது நினைவிருக்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டம் ஒரே நாளில் சுமார் 35 ஆயிரம் பேர் சாப்பிடும் அளவு உணவைத் தின்றுவிடும் என்கிறது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு.

அதே நாட்களில் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரி பகுதியில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் கூட்டமாகக் காணப்பட, மக்கள் பதறிப்போனார்கள். ஆய்வு செய்த அதிகாரிகள், அவை பாலைவன வெட்டுக்கிளி இல்லை, உள்ளூர் வகைதான் என்று விளக்கம் அளித்தனர்.

நம் வீட்டுத்தோட்டத்துக்கு வருவதும் இப்படிப்பட்ட உள்ளூர் வகைகள்தான். கூம்பு போன்ற தலையுடன் பச்சையாக இருப்பது கீரை, கத்தரியை விரும்பித் தின்னும். மஞ்சள் உடம்பில் நீலப்பச்சைக் கோடுகளோடு இருப்பது எருக்கு வெட்டுக்கிளி. இதற்கு எருக்குதான் முக்கிய உணவு. அது கிடைக்காதபோது மற்ற செடிகளையும் கடிக்கும். எருக்கம்பாலின் நச்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், சீண்டினால் திரவத்தைப் பீய்ச்சும். எனவே இதை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம்.

கடித்தது வெட்டுக்கிளிதானா?

இலை ஓரத்திலிருந்து ஒழுங்கில்லாமல் கடித்திருந்தால் பெரும்பாலும் வெட்டுக்கிளி. இலையில் கறுப்பு மிளகு போல எச்சம் இருந்தாலோ, இலை சுருண்டிருந்தாலோ புழுவாக இருக்கலாம். பளபளவென பசைக் கோடு தெரிந்தால் நத்தை. பகலில் ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால், இரவில் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆள் யாரென்று தெரியாமல் மருந்து அடிப்பது வீண்.

எங்கே தப்பு செய்கிறோம்?

பறக்கும் பெரிய வெட்டுக்கிளியைத் துரத்துவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. இந்தப் பூச்சியின் கதை மண்ணுக்குள் தொடங்குகிறது. பெண் பூச்சி சில சென்டிமீட்டர் ஆழத்தில் முட்டைகளைக் கொத்தாக இட்டு, நுரை போன்ற பசையால் மூடிவிடும். மழை பெய்து மண் ஈரமானதும் குஞ்சுகள் வெளியே வரும். பலமுறை தோல் உரித்து, வாரக்கணக்கில் வளர்ந்த பிறகே முழு இறக்கை முளைக்கும்.

அதுவரை அதற்குத் தாவ மட்டும்தான் தெரியும், பறக்க முடியாது. இந்த நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மழைக்குப் பிறகு இலையில் அரிசி அளவில் குட்டி வெட்டுக்கிளிகளைப் பார்த்தால், 'சின்னதுதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

1. விடியற்காலையில் பிடியுங்கள். வெட்டுக்கிளி உடல் சூட்டுக்கு வெயிலைத்தான் நம்பியிருக்கிறது. வெயில் ஏறும் முன் மந்தமாக உட்கார்ந்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பிடித்து, சோப்புத் தண்ணீர் உள்ள பக்கெட்டில் போட்டுவிடலாம். ஒரு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

2. கீரைக்கு வலை போடுங்கள். கீரைக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் முழு நேரமும் மூடி வைக்கலாம். நெருக்கமான நைலான் வலை நல்லது. மெல்லிய துணியைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். ஓரத்தில் இடைவெளி விடாமல் செங்கல் வையுங்கள். பூசணி, பாகல் போன்ற கொடிகளில் பூக்கும் நேரத்தில் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ உள்ளே வராது.

3. வேப்பெண்ணெய் தெளியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலைக் கலந்து, 5 மில்லி வேப்பெண்ணெய் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். இல்லையென்றால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டலாம். முதலில் ஒரு செடியில் மட்டும் அடித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேம்பு அடித்தவுடன் பூச்சி சுருண்டு விழாது. இலையைத் தின்னவிடாமல் தடுக்கும், குஞ்சுகள் தோல் உரிப்பதைக் கெடுக்கும். அதனால்தான் இது குட்டிகளிடம் நன்றாக வேலை செய்கிறது, வளர்ந்ததிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. வெயிலில் வீரியம் குறைந்துவிடும் என்பதால் மாலையில், இலையின் இரு பக்கமும் படும்படி தெளிக்க வேண்டும். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை போதும். மழை பெய்தால் மறுபடியும்.

4. மண்ணைக் கிளறுங்கள். ஒரு பயிர் முடிந்ததும் தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளறி, வெயிலில் காய விடுங்கள். முட்டைகள் காய்ந்து போகும், மைனாவும் பொறுக்கிக்கொள்ளும். விவசாயிகள் கோடை உழவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. புல்லை முன்னதாகவே வெட்டுங்கள். வேலியோரப் புதர்தான் இவற்றின் வீடு. ஆனால் வெட்டுக்கிளி நிறைந்திருக்கும்போது புல்லை வெட்டினால், அத்தனையும் நேராக உங்கள் கத்தரிக்குத்தான் வரும். விதைப்பதற்கு முன்பே சுத்தம் செய்துவிடுங்கள்.

6. நண்பர்களை விரட்டாதீர்கள். ஓணான், தவளை, கும்பிடுபூச்சி, சிலந்தி, மைனா, கரிச்சான் எல்லாம் வெட்டுக்கிளியைத் தின்பவை. விஷ மருந்து அடித்தால் இவையும் சேர்ந்து போய்விடும்.

ரசாயன மருந்து ஏன் வேண்டாம்?

ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும், அடித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வீட்டுக்கீரையில் யார் அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள்? அதோடு, காய்கறிகளுக்குப் பயன்படுத்தத் தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் நஞ்சு குறைவு என்றுதான் அர்த்தம், நஞ்சே இல்லை என்று அல்ல.

எப்போது கவலைப்பட வேண்டும்?

நன்கு வளர்ந்த கத்தரியில் நாலைந்து இலையில் ஓட்டை விழுந்தால் விளைச்சல் குறைந்துவிடாது, விட்டுவிடலாம். நாற்றுக்கும் கீரைக்கும்தான் காவல் தேவை. தோட்டம் முழுக்கப் பரவி, கை மீறிப் போகிறது என்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். பூச்சியை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பேசினால், அடையாளம் சொல்வது எளிது.

அடுத்த மழைக்குப் பிறகு செடிகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இறக்கை முளைக்காத குட்டிகள் தெரிந்தால், மறுநாள் விடியற்காலையில் பக்கெட்டோடு மாடிக்குப் போய்விடுங்கள்.