பயமும் பயபக்தியும்

மறைபரப்புப் பணியின் வரலாறு பெரும்பகுதி சொற்களைத் தேடிய வரலாறே ஆகும். இன்றைய ஸ்பெயினைச் சேர்ந்த நவார்ராவில் 1506இல் பிறந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கினார். அவ்வாறு உருவான விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் அமர்ந்துவிட்டது. 1544இல் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில், அதனைத் திருத்துமாறு சவேரியாரே பணித்தார். விரும்புவது வேறு, நம்புவது வேறு என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார்.

விசுவாசத்துக்கு நேர்ந்த இந்த இடர்ப்பாடு அச்சத்துக்கும் உண்டு. ஸ்பானிய மொழியில் அச்சத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ‘மியேதோ’ என்பது இருளையும் பாம்பையும் கண்டு நடுங்கும் அச்சம். ‘தெமோர்’ என்பது அதனினும் ஆழ்ந்தது. இறைவன்முன் மனிதன் கொள்ளும் அச்சத்தை ‘தெமோர்’ என்று கூறுவதே அம்மொழியின் நிலைத்த வழக்கு. அவிலா நகர்ப் புனித தெரசா (1515–1582), ‘நிறைவின் வழி’ என்னும் நூலில் இறையன்பையும் இறையச்சத்தையும் இணைத்துப் பேசும்போது ஆள்வதும் இச்சொல்லையே. ஆங்கிலத்திலோ இவ்விரண்டுக்கும் ‘ஃபியர்’ என்ற ஒரே சொல்தான் பெரிதும் வழங்குகிறது. ஸ்பானியர் பிரித்துக் கேட்ட இரு குரல்கள் ஆங்கிலத்தில் ஒரே குரலாகிவிடுகின்றன.

‘சுஸ்தோ’ என்று மற்றொரு சொல்லும் உண்டு. அது திடுக்கிடலைக் குறிக்கும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் திடுக்கிட்டதனால் வரும் நோய்க்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் காண்பது அரிது. நம் காஞ்சிபுரத்துத் தாய்மாருக்கோ விளக்கமே வேண்டியதில்லை. “பிள்ளை பயந்துகொண்டது, மந்திரியுங்கள் சாமி” என்று குழந்தையைத் தோளில் சுமந்து வரும் அன்னையர், சமய வேறுபாடின்றி, நம் ஆலய வாயிலிலும் வந்து நிற்பதுண்டு.

திருநூலுக்குள்ளும் இச்சொல்லின் கதை வியப்புக்குரியது. எசாயா 11ஆம் அதிகாரத்தின் 2, 3ஆம் வசனங்களில், ஆண்டவர்பால் கொள்ளும் அச்சத்தைக் குறிக்கும் ஒரே எபிரேயச் சொல் இருமுறை வருகிறது. கிரேக்கத்தில் பெயர்த்தோர் முதலில் வந்ததைப் ‘பக்தி’ என்னும் பொருளிலும், அடுத்து வந்ததை ‘அச்சம்’ என்னும் பொருளிலும் பெயர்த்தனர். இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவ்வழியே சென்றது. எபிரேயத்தில் ஆறாக இருந்த கொடைகள் ஏழாயின. உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்தபோது நாம் மனப்பாடம் செய்த தூய ஆவியாரின் ஏழு கொடைகளுள் பக்தியும் தெய்வபயமும் அருகருகே நிற்பதன் பின்னணி இதுவே. வேர் ஒன்று, கிளை இரண்டு.

இனி, நம் தமிழின் நிலையைக் காண்போம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார். அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் நமக்குக் கேடு செய்யக்கூடியவை. நான்காவதோ நமக்கு உரியவர். ‘தம்’ என்ற அச்சிறு சொல்லைக் கருதுக. அயலானிடம் கொள்ளும் அச்சம் ஒருவகை. தம்மவரிடம் கொள்ளும் அச்சம் வேறொருவகை.

திருவள்ளுவர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தீவினையச்சம் என்று ஓர் அதிகாரத்தையே அறத்துப்பாலில் அமைத்தார். ‘வெருவந்த செய்யாமை’ என்று பொருட்பாலில் மற்றோர் அதிகாரம் வகுத்து, குடிமக்கள் வெருவத்தக்க செயல்களைச் செய்யும் அரசு கெடும் என்றார். அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்பதும் அவர் துணிபு. அஞ்சுவது அறம், அஞ்சச் செய்வதோ கொடுங்கோன்மை. இக்குறள்களுக்கு உரை வகுத்த பரிமேலழகர் நம் காஞ்சியில் வாழ்ந்தவர் என்பது மரபு. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 18ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தவர் இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர். ஐரோப்பியர் தம் சொற்களை நம்மிடம் கொணர்ந்தது போன்றே, நம் சொற்களும் அவர்களிடம் சென்றன.

திருச்சபைத் தந்தையரும் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். புனித அகுஸ்தீனார், யோவானின் முதல் திருமுகத்துக்குத் தந்த விளக்கத்தில் இரு மனைவியரை நம் கண்முன் நிறுத்துகிறார். ஒருத்தி கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். மற்றவள் அவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். முன்னவளிடம் குற்றத்தின் அச்சம். பின்னவளிடம் அன்பின் அச்சம். அதே விளக்கத்தில், நூலோடு வாழும் நம் ஊராருக்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்றையும் தருகிறார். தைக்கும்போது ஊசி முன்னே நுழைகிறது. அது வெளியேறினால்தான் பின்னே நூல் வந்து சேரும். அவ்வாறே அச்சம் முன்னே நுழைந்து அன்புக்கு வழிசெய்கிறது. ஊசி உள்ளேயே தங்கிவிட்டால் தையல் இல்லை. குத்தல் மட்டுமே மிஞ்சும்.

நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் எத்தனை ஊசிகள் இன்னும் உள்ளேயே தங்கியிருக்கின்றன! “பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்” என்று குழந்தைக்கு முதற்பாடம் சொல்கிறோம். குழந்தை வளர்ந்த பின்பும் அந்தச் சாமி மனத்தில் விரல் நீட்டியபடியே நிற்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோர் பலர் இறைவனை மறந்தவர்கள் அல்லர். அவரை நினைத்து நடுங்குகிறவர்கள். நோயும் கடனும் வந்தால் ‘ஆண்டவர் பழிவாங்குகிறார்’ என்று மருகுவோரும் உளர். தொல்காப்பியர் சொன்ன ‘தம் இறை’ இவர்களுக்கு அணங்காகவும் கள்வராகவும் தோன்றுகிறார். நமக்கு அருளப்பட்டது மீண்டும் அச்சத்துக்கு உள்ளாக்கும் அடிமை மனப்பான்மை அன்று, பிள்ளைகளுக்குரிய மனப்பான்மையே என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியது இத்தகையோருக்காகவே அன்றோ?

இதனால் இறையச்சமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அச்சம் அறவே அற்ற அன்பு, அன்பு செய்யப்படுபவரை எளிமையாக எண்ணத் தொடங்கிவிடும். தந்தையின் மனம் நோகக்கூடாதே என்று அஞ்சும் பிள்ளை அடிமையாவதில்லை. அப்பிள்ளையின் அச்சத்தைக் குறிக்கத் தமிழ் மக்கள் நாவில் ஓர் அழகிய சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. அதுவே ‘பயபக்தி’. எபிரேயத்தின் ஒரே சொல்லைக் கிரேக்கம் பக்தி என்றும் அச்சம் என்றும் இரண்டாகப் பிரித்தது. அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறது தமிழ் வழக்கு.

ஆகவே மறைக்கல்வி கற்பிப்போரும் பெற்றோரும் ‘இறையச்சம்’ என்று சொல்லும்போதெல்லாம் அதன் பொருளையும் சேர்த்தே சொல்வார்களாக. அச்சொல்லைக் கேட்கும் குழந்தை, ஒளிந்துகொள்ள மூலையைத் தேடாமல், தந்தையின் கையைத் தேடுமாயின், நாம் சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறோம் என்று கொள்ளலாம்.